மோடம் – இணக்கி: சொல் விளக்கம்

கணினி தரும் 0, 1 என்ற இலக்கக் குறிகளைத் தொலைபேசிக் கம்பி ஏற்கும் மின்னலைகளாக மாற்றி அனுப்பி, எதிர்முனையிலிருந்து வரும் அலைகளை மறுபடி இலக்கக் குறிகளாக்கும் கருவியே மோடம். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் முதற்பகுதிகளை ஒட்டி ஆக்கிய பெயர் இது. இவற்றின் வேர் 'அளவு' என்று பொருள்படும் மோடுஸ் என்ற லத்தீன் சொல். அதிலிருந்து கிளைத்த வினைக்கு அளந்து ஒழுங்குபடுத்துதல், இசையோடு பாடுதல் என்ற பொருள்களும் உண்டு. இசைப் பொருள் இங்கே நன்றாகவே பொருந்துகிறது. 1962இல் வந்த பெல் 103 மோடத்தில், அழைக்கும் முனை 1 என்பதை 1270 ஹெர்ட்ஸ் தொனியாலும் 0 என்பதை 1070 ஹெர்ட்ஸ் தொனியாலும் உணர்த்தியது. நொடிக்கு 300 பிட் வேகம்; ஏறத்தாழ 30 ஆங்கில எழுத்துகள்.

மனிதக் குரலுக்கென்று, சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கடத்துமாறு அமைத்த கம்பியில் கணினியையும் பேசவைக்க முடிந்ததால்தான், தரவுக்கெனத் தனித்தடம் போட வசதியில்லாத வளரும் நாடுகளுக்குக் கணினி வலையமைப்பு எட்டியது. இந்தியாவில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்னெட், தொடக்கத்தில் தொலைபேசி அழைப்புகள் வழியாகவே கல்வி நிறுவனங்களுக்கிடையே மின்னஞ்சலைக் கொண்டு சென்றது. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தினர், 1980களின் இறுதியில், அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் வலையமைப்பு வல்லுநர் ராண்டி புஷ் தம் வீட்டில் வைத்திருந்த கணினியோடு தொலைபேசி அழைப்பு வழியாகக் கணினிகள் மடல் பரிமாறும் ஃபிடோநெட் முறையில் அஞ்சல் பரிமாறினர். இத்தகைய வலையமைப்புகளில் கணினிகள் இடைவிடாமல் இணைந்திருக்கவில்லை. மடல்களைச் சேமித்துவைத்து, பெரும்பாலும் அழைப்புக் கட்டணம் குறையும் இரவு நேரத்தில், மோடம் எண்ணைச் சுழற்றி மொத்தமாக அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும், வீடுகளுக்குள் அது நுழைந்தது மோடம் வழியாகத்தான்.

கம்பியின் இரைச்சல் ஒரு பெருந்தொல்லை. அதற்கு டெலிபிட் நிறுவனத்தின் டிரெயில்பிளேசர் மோடம் கண்ட வழியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அது குரல் அலைவரிசையை ஏறத்தாழ 500 குறுகிய தடங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் நிலையையும் சோதித்து, கெட்டுப்போன தடங்களை ஒதுக்கிவிட்டு, தெளிவானவற்றில் கூடுதல் தரவை ஏற்றியது. மோசமான கம்பிக்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்டது.

தமிழுக்கு வருவோம். மாடுலேஷன் என்பதற்கு இயற்பியல் பாடநூல்கள் தரும் சொல் பண்பேற்றம். செய்தியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகிய பண்புகளுள் ஒன்றில் செய்தியை ஏற்றுவதால் அப்பெயர். அதைப் பிரித்தெடுப்பது பண்பிறக்கம். அதன்படி மோடத்தைப் பண்பேற்றி-பண்பிறக்கி எனலாம். பொருள் துல்லியமானது, ஆனால் நாள்தோறும் புழங்கும் கருவிக்கு நீளம் மிகுதி. கணினிக் கலைச்சொல் பட்டியல்களில் இடம்பெறும் இணக்கி என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். இயங்கு என்ற தன்வினையிலிருந்து இயக்கு, இயக்கி என்று அமைவதுபோல, இணங்கு என்பதிலிருந்து இணக்கு, இணக்கி என்று இது இயல்பாக அமைகிறது. இலக்கக் குறியும் குரல்கம்பியும் இயல்பில் ஒவ்வாதவை. அவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று இணங்கச் செய்வதே இக்கருவியின் வேலை. மூலச்சொல் செயல்முறையைச் சொல்ல, தமிழ்ச்சொல் அதன் பயனைச் சொல்லிவிடுகிறது.

இணக்கியை இணைப்பி என்று எழுதுவது பிழை. இணைப்பி என்பது கம்பிகளைப் பொருத்தும் முனை. இணங்குதல் வேறு, இணைதல் வேறு. தரவுப் பொதிகளுக்கு வழி தேர்ந்தெடுக்கும் ரவுட்டர், அதாவது திசைவி, மற்றொரு கருவி. இன்று இரண்டும் ஒரே பெட்டிக்குள் வருவதால் பெட்டி முழுவதையும் மோடம் என்று அழைக்கிறோம். எழுத்திலாவது, குறியை மாற்றும் பகுதியை இணக்கி என்றும் வழி காட்டும் பகுதியைத் திசைவி என்றும் பிரித்தெழுத வேண்டும்.