எம்.பி.ஏ. படிக்கப் பணம்: உதவித்தொகை, வட்டி மானியம், கல்விக்கடன் – யாருக்கு எது கிடைக்கும்?

எம்.பி.ஏ. படிக்கக் கடன் கிடைக்குமா, வட்டியில் சலுகை உண்டா என்பதெல்லாம் வங்கி மேலாளரின் மனசைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் கையில் இருப்பது கொஞ்சம்தான். எந்தக் கல்லூரியில் சேர்ந்தீர்கள், கவுன்சலிங்கில் சேர்ந்தீர்களா மேனேஜ்மென்ட் கோட்டாவிலா, குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு, இளநிலைப் படிப்புக்கு ஏற்கெனவே வட்டி மானியம் வாங்கியிருக்கிறீர்களா – இந்த நான்கும் தெரிந்தால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். இதில் முதல் இரண்டும் சீட் எடுக்கிற நாளிலேயே முடிவாகிவிடுகிறவை. அதனால் இதைக் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்பு படிப்பது நல்லது.

முதலில் திருப்பிக் கட்ட வேண்டாத பணம்

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை முதுநிலைப் படிப்புக்கும் உண்டு. கட்டாயக் கட்டணங்களும் பராமரிப்புப் படியும் இதில் வரும். பட்டியல் இனத்தவருக்கான திட்டத்தில் 60 சதவீதம் மத்திய அரசும் 40 சதவீதம் மாநில அரசும் தருகின்றன. மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு இது கிடையாது. "சேர்ந்துவிடுங்கள், ஸ்காலர்ஷிப் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அலாட்மென்ட் ஆர்டர் கவுன்சலிங் வழியாக வருமா, கல்லூரியே தருவதா என்பதுதான்.

வருமானம் அதைவிடக் கூடுதல், ஆனால் 8 லட்சத்துக்குள் என்றால், பட்டியல் இன மாணவருக்கு மத்திய சமூக நீதித் துறையின் 'டாப் கிளாஸ்' உதவித்தொகை இருக்கிறது. ஐஐஎம், ஐஐடி, என்ஐடி போன்ற அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இது. படிப்புக் கட்டணம் முழுவதும் கிடைக்கும். தனியார் நிறுவனமாக இருந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை. அதோடு தங்குமிடம், புத்தகம், கணினி போன்றவற்றுக்காக முதல் ஆண்டு 86,000 ரூபாயும் அடுத்த ஆண்டு 41,000 ரூபாயும் தருகிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. சேர்ந்த வாரத்திலேயே உதவித்தொகைப் பிரிவில் போய்ப் பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், சீர்மரபினர் ஆகியோருக்கு பி.எம். யசஸ்வி திட்டத்தின் கீழ் இதே மாதிரி ஓர் உதவி இருக்கிறது; ஆனால் வருமான வரம்பு 2.5 லட்சம்தான். தனியார் நிறுவனத்துக்கு 2 லட்சம் வரை கட்டணம், மாதம் 3,000 ரூபாய் செலவுக்கு, ஆண்டுக்கு 5,000 ரூபாய் புத்தகத்துக்கு, ஒரு தடவை 45,000 ரூபாய் கணினிக்கு. இதுவும் அறிவிக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களுக்கு மட்டுமே.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். தமிழக அரசின் முதல் பட்டதாரி சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்கு உரியது, எம்.பி.ஏ.வுக்கு வராது. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம்) மாதம் 12,400 ரூபாய் தருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அது பொறியியல் முதுநிலைக்கான கேட் (GATE) போன்ற தேர்வில் தேறி எம்.இ., எம்.டெக். மாதிரியான படிப்பில் சேர்ந்தவர்களுக்கு. டான்செட், கேட் (CAT) என்று எந்த எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் எம்.பி.ஏ. மாணவருக்கு அது கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இளநிலையில் மத்தியத் துறை உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் முதுநிலையிலும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் தொடர்ந்து பெறலாம். எம்.பி.ஏ.வுக்கு வந்த பிறகு புதிதாக அதில் நுழைய வழியில்லை.

ஐஐஎம்களில் குடும்பச் சூழ்நிலையைப் பார்த்துக் கொடுக்கும் சொந்த உதவித்தொகை இருக்கிறது. கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது என்று கேட்டதுமே பின்வாங்குகிறவர்கள், அழைப்புக் கடிதம் வந்ததும் அந்த நிறுவனத்தின் நிதி உதவி விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கட்டணம் குறைவான ஒரு தனியார் கல்லூரியைவிட அங்கே கையிலிருந்து போகும் பணம் குறைவாக இருக்கவும் வாய்ப்புண்டு. படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரியும் கிடையாது.

இரண்டு வட்டி மானியங்கள்

பெயர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

முதலாவது, மத்தியத் துறை வட்டி மானியத் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்சார் படிப்பில் சேர்ந்திருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் வரும் வட்டி முழுவதையும் மத்திய அரசே வங்கிக்குக் கட்டிவிடும். கல்லூரிக்கு நாக் (NAAC, கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ படிப்புக்கு என்பிஏ (NBA, தொழிற்படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ வேண்டும். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கும் மத்திய அரசு நிதியில் நடப்பவற்றுக்கும் அந்தக் கேள்வி எழாது. கல்லூரி வாசலில் 'ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பது இதற்குப் போதாது. என்பிஏ அங்கீகாரம் படிப்புவாரியாகக் கொடுக்கப்படுவது. ஒரு கல்லூரியின் பி.இ. மெக்கானிக்கலுக்கு இருந்து எம்.பி.ஏ.வுக்கு இல்லாமல் இருக்கலாம்.

இரண்டாவது, பி.எம். வித்யாலட்சுமி. 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் (NIRF) கல்வி நிறுவனத் தரவரிசையில், ஒட்டுமொத்தப் பட்டியலிலோ துறைவாரிப் பட்டியலிலோ முதல் 100 இடங்களுக்குள் வரும் கல்வி நிறுவனங்கள், 101 முதல் 200 வரை உள்ள மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசின் எல்லா நிறுவனங்கள் என்று 860 நிறுவனங்களோடு இது தொடங்கியது. இவற்றில் தகுதி அடிப்படையில் சேரும் யாரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பிணையோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன் கேட்கலாம். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு, திரும்ப வராத பாக்கியில் 75 சதவீதத்துக்கு அரசு உத்தரவாதம் தருகிறது. வங்கிகள் பிணை கேட்காமல் கொடுக்க முன்வருவதற்கு இதுவே காரணம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு அதே தவணை விடுப்புக் காலத்தில் (படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்) 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. இதில் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அரசு நிறுவனத்தில் படிப்பவர்களுக்கும் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு மாணவர்களுக்கும் முன்னுரிமை. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குகிறவர்களுக்கு இந்த 3 சதவீதம் கிடையாது.

இந்த மானியங்கள் பாதியில் படிப்பை விட்டாலும், ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டாலும் நின்றுவிடும். அதைவிட முக்கியமாக, மத்தியத் துறை வட்டி மானியம் ஒருவருக்கு ஒரே தடவைதான்: இளநிலைக்கு அல்லது முதுநிலைக்கு. பி.இ. படிக்கும்போது அதைப் பெற்றவர் எம்.பி.ஏ.வுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் கணக்கு உதைக்கும். பொறியியல் முடித்துவிட்டு எம்.பி.ஏ.வுக்கு வருகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் இதை யாரும் முன்கூட்டியே எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு கணக்கு

10 லட்சம் கடன், ஆண்டுக்கு 5 லட்சமாக இரண்டு தவணையில் கல்லூரிக்குப் போகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கல்விக்கடனில் படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகான ஓராண்டுக்கும் தனிவட்டிதான். முதல் 5 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 1.5 லட்சம், இரண்டாவது 5 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 1 லட்சம். ஆக, முதல் இஎம்ஐ கட்டும் நாளில் கடன் 12.5 லட்சமாகியிருக்கும். இதைப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 16,500 ரூபாய். முழு வட்டி மானியம் கிடைத்தவருக்கு அந்த 2.5 லட்சம் ஏறாது. மாதம் சுமார் 13,200. 3 சதவீத மானியம் கிடைத்தவருக்கு மிச்சம் 75,000 ரூபாய்.

இஎம்ஐ குறைய வேண்டும் என்று தவணையை 15 ஆண்டுக்கு நீட்டினால், 12.5 லட்சத்துக்கு மாதம் சுமார் 13,400 என்று ஆகும். பார்க்க இதமாக இருக்கிறது. ஆனால் பத்தாண்டில் மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 19.8 லட்சம், பதினைந்தில் 24 லட்சத்துக்கு மேல். முதல் வேலையில் சம்பளம் குறைவு என்றால் நீண்ட தவணையை எடுத்துக்கொண்டு, சம்பளம் கூடியதும் மொத்தமாக அடைப்பது புத்திசாலித்தனம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது. மானியம் எதுவும் இல்லாதவர்கள், வீட்டில் முடிந்தால் படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் வட்டியைக் குறைக்கின்றன.

வங்கிக்குப் போகும்போது

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம்தான் பொதுத்துறை வங்கிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 4 லட்சம் வரை கையிலிருந்து எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் போனால் இந்தியாவில் படிக்க 5 சதவீதம், வெளிநாட்டில் படிக்க 15 சதவீதம் உங்கள் பங்கு. 7.5 லட்சம் வரை பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும், சொத்துப் பத்திரம் தேவையில்லை. பி.எம். வித்யாலட்சுமியில் வராத கடன் அதற்கு மேல் போனால் பிணை கேட்பார்கள். ஐஐஎம் போன்ற இடங்களுக்கு மட்டும் பெரிய தொகையையும் பிணையில்லாமல் கொடுக்கும் தனித் திட்டங்கள் உண்டு. ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் லோன் அப்படி ஒன்று. விடுதிக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றையும் கடனில் சேர்த்துக் கேட்கலாம். அதற்கு விலைப்பட்டியலும் கல்லூரி தரும் கட்டண விவரமும் வேண்டும். பி.இ.க்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருந்தால், அதே வங்கியில் மேற்படிப்புக்காகக் கூடுதல் கடன் கேட்பது வழக்கம்தான். அதற்காகத் தயங்க வேண்டாம்.

பி.எம். வித்யாலட்சுமி இணையதளம் வேறு, 2015 முதல் இருக்கும் பழைய வித்யா லட்சுமி இணையதளம் வேறு. வட்டி மானியம் வேண்டும் என்றால் புதியதில் விண்ணப்பிக்க வேண்டும்; கனரா வங்கிதான் இதற்குத் தலைமை வங்கி. வட்டாட்சியர் கையெழுத்துள்ள வருமானச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. இ-சேவை மையத்தில் அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கவுன்சலிங் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கல்லூரி வளாகத்திலேயே மேஜை போட்டு "அரை மணி நேரத்தில் கடன்" தரும் நிதி நிறுவனங்களும் இருக்கின்றன. வேகம் உண்மைதான். ஆனால் அரசு மானியங்களும் தவணை விடுப்பும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முதல் மாதத்திலிருந்தே இஎம்ஐயா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொலைநிலை, ஆன்லைன் எம்.பி.ஏ.க்களுக்கு மேலே சொன்ன மானியங்கள் பொருந்தாது.

வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டத்தின்படி கிளை மேலாளர் தானாக ஒரு கல்விக்கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். "சிபில் ஸ்கோர் குறைவு" என்று சொன்னால், மாணவரின் குறைந்த ஸ்கோரை மட்டும் வைத்துக் கல்விக்கடனை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருப்பது வாதாட உதவும். பெற்றோர் பெயரில் பழைய கடன் பாக்கி இருந்தால் மட்டும் அதை முதலில் சரிசெய்துவிட்டுப் போவதே நடைமுறை. அடுத்த படி, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் கல்விக்கடன் முகாம்களில் அவரை நேரிலேயே பார்க்கலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வேலை கிடைத்து வரி கட்ட ஆரம்பித்த பிறகு இன்னொன்று. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80இ பிரிவு என்று அறியப்பட்ட சலுகையின்படி, கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும், உச்சவரம்பு இல்லாமல், வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அசலுக்குக் கிடையாது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். கடன் வங்கியிலிருந்தோ அரசு அறிவித்த நிதி நிறுவனத்திலிருந்தோ அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்திலிருந்தோ வாங்கியதாக இருக்க வேண்டும்; சித்தப்பாவிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டினாலும் இதில் காட்ட முடியாது. எட்டு ஆண்டு என்பதால், 15 ஆண்டுத் தவணை எடுத்தவர்களுக்குக் கடைசி ஏழு ஆண்டு வட்டியில் இந்தச் சலுகை இராது.