புகையும் சுடர்: லா தூர் வரைந்த எண்ணெய் விளக்கு

இன்றைய பிரான்சில் உள்ள லொரேன் பகுதியின் ஓவியர் ஜார்ஜ் து லா தூர் (1593–1652), இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாளைப் பலமுறை வரைந்தார். சில ஓவியங்களில் மெழுகுவர்த்தி எரிகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்திலோ சாமானிய வீட்டு விளக்கு: ஒரு கண்ணாடிக் குவளை, எண்ணெய், திரி. மரியாளின் மடியில் மண்டையோடு, மேசையில் புத்தகங்கள், சிலுவை. சுடரின் நுனி புகைகிறது. ‘புகையும் சுடருடன் மகதலேனா’ என்ற ஓவியத்தின் பெயரிலேயே அந்தப் புகை உண்டு.

விளக்கில் எண்ணெய் அப்படியே எரிவதில்லை. திரியின் இழைகளுக்கிடையே நுண்புழை ஈர்ப்பால் (மெல்லிய இடுக்குகள் திரவத்தை மேலே இழுக்கும் தன்மையால்) மேலேறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. சுடரின் உட்புறத்தில் ஆக்சிஜன் போதாது. அங்கே ஆவி சிதைந்து நுண்ணிய கரித்துகள்கள் உருவாகின்றன. அவை ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து ஒளிர்வதே விளக்கின் மஞ்சள் வெளிச்சம். சுடரின் விளிம்புக்கு வந்ததும் காற்று கிடைத்து அவை எரிந்து தீரவேண்டும். திரி அதிகம் வெளியே நீண்டிருந்தால் ஆவி மிகுந்து சுடர் உயரும். உள்ளே வரும் ஆக்சிஜன் அதற்கு ஈடுகொடுக்காது. துகள்கள் எரியுமுன்னே குளிர்ந்து, நுனி வழியாகத் தப்பிவிடும். அதுதான் புகை.

ஆக, வெளிச்சம் தந்த அதே கரிதான் புகையாகவும் போகிறது. தன் நாட்கள் புகையைப்போல் ஒழிந்ததாகப் பைபிளின் 102ஆம் சங்கீதத்தில் ஒருவர் புலம்புகிறார். மண்டையோடும் அதையே நினைவூட்டுகிறது. இன்னொன்றும் இந்தச் சுடரில் தெரிவதாகக் கொள்ளலாம். திரியை அவ்வப்போது சரிசெய்தால் விளக்கு புகையாது. மரியாள் நெடுநேரமாக அதைத் தொடவில்லை. அவள் சிந்தனையின் ஆழத்தை ஓவியர் முகத்தில் மட்டுமல்ல, திரியிலும் காட்டிவிட்டார். அருமையான நுட்பம் இது.

வண்ணத்துக்கும் சுடரே காரணம். எண்ணெய்ச் சுடரின் நிறவெப்பநிலை (ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்லும் அளவு; எண் குறையக் குறையச் செம்மை கூடும்) ஏறக்குறைய 1,900 கெல்வின். நீல ஒளி மிகக் குறைவு. அதனால் வெள்ளைச் சட்டை பாலேட்டு நிறமாகிறது, சிவப்புப் பாவாடை கனன்று நிற்கிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும்: சுடரிலிருந்து 30 செ.மீ.யில் உள்ள முகம் துலங்கும்போது, 120 செ.மீ.யில் உள்ள சுவருக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. பின்புலத்து இருட்டு அப்படி வந்தது.

இதே ஒளியில் படமெடுக்க விரும்புவோர் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைத் திருத்தும் கேமராவின் தானியங்கி வெண்சமநிலையை நிறுத்திவிட்டு, பகலொளிக்குரிய 5,500 கெல்வினில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செம்மையில் பெரும்பகுதியைக் கேமரா திருத்திவிடும்.