கோச்சிங் இன்னுன்னா நீட் கோச்சிங் ஹாஸ்டல் இல்லைங்க

போன வாரம் லண்டன் பத்தி ஒரு கட்டுரைய மெஷின் ட்ரான்ஸ்லேஷன்ல தமிழ்ல படிச்சிட்டிருந்தேன், நடுவுல "17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பயிற்சி விடுதி"ன்னு வந்துச்சு. அந்தக் காலத்துலயே ஹாஸ்டல்ல போட்டுப் பூட்டிப் படிக்க வெச்சாங்களான்னு ஒரு நிமிஷம் மிரண்டுட்டேன். அப்புறம் ஒரிஜினல எடுத்துப் பாத்தா "கோச்சிங் இன்". இந்த கோச்சிங் வேற கோச்சிங்.

கோச்சுன்னா இங்க குதிரை வண்டி. நம்மூர்லயும் பழைய ஆளுங்க கோச்சு வண்டி, சாரட்டு வண்டின்னு சொல்லுவாங்கல்ல, அதே கோச்சுதான். சொல்லோட சொந்த ஊர் இங்கிலாந்தே இல்ல, ஹங்கேரி. வியன்னாவுக்கும் புடாவுக்கும் (இன்னைக்கு புடாபெஸ்ட்டோட ஒரு பாதி) நடுவுல போற வழியில கோச்னு ஒரு சின்ன கிராமம், அங்க 15ஆம் நூற்றாண்டுல செஞ்ச வண்டிங்க நல்லா ஓடுதுன்னு பேர் வாங்கிடுச்சு, "கோச் ஊர் வண்டி"ங்கிற அர்த்தத்துல அவங்க மொழியில "கோச்சி"ன்னாங்க. அது ஜெர்மன்ல குட்ஷே ஆச்சு, பிரெஞ்சுல கோஷ், இங்கிலீஷ்ல கோச். பத்தமடைப் பாய், சுங்குடிக்குச் சின்னாளப்பட்டின்னு நாம ஊர் பேர் சொல்லி வாங்குற மாதிரிதான், என்ன, இங்க ஊர் பேரே பொருளோட பேரா ஆகிடுச்சு. பின்னாடி ரயில் வந்தப்போ பெட்டிக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு, நாம இன்னைக்கு கோச் நம்பர் தேடி ப்ளாட்ஃபார்ம்ல ஓடுறது அதனாலதான்.

அப்போ டியூஷன் கோச்சிங்? அதுவும் இதே வண்டிதான்! 1830 வாக்குல ஆக்ஸ்ஃபோர்டு பசங்க, பரிட்சையக் கடக்க நம்மள சுமந்துட்டுப் போற ஆளுன்னு கிண்டலா தனி வாத்தியாருக்கு "கோச்"னு பேர் வெச்சாங்க, அப்புறம் அது ஸ்போர்ட்ஸுக்கும் போயிடுச்சு.

அடுத்தது இன். பழைய இங்கிலீஷ்ல தங்குற இடம், வீடு. உள்ளேங்கிற அர்த்தத்துல வர்ற சின்ன "இன்"னுக்கும் இதுக்கும் ஒரே வேர். தமிழ்லயும் இல்லுன்னா வீடு, "வீட்டில்"ல வர்ற வேற்றுமை உருபும் இல். அழகா இருக்குல்ல? ஆனா இது தற்செயல் ஒற்றுமை அவ்ளோதான், உடனே "தமிழ்ல இருந்துதான் போச்சு"ன்னு யாரும் கெளம்பிடாதீங்க.

ரெண்டையும் சேத்தா, வெளியூர் போற குதிரை வண்டிங்க நின்னு, களைச்ச குதிரைய அவுத்துட்டு புது குதிரை பூட்டிட்டுக் கெளம்புற விடுதி. ஒரே குதிரை எவ்ளோ தூரம் ஓடும்? சுமார் 10 மைலுக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும். அந்த ஒரு தடவ மாத்துற தூரம்தான் "ஸ்டேஜ்", அதனாலதான் ஸ்டேஜ்கோச். நம்ம பஸ்ல கண்டக்டர் ஸ்டேஜ் கணக்கு பாத்து டிக்கெட் கிழிக்கிறாரே, ரூட் பஸ்ஸ சட்டத்துல இன்னைக்கும் ஸ்டேஜ் கேரியேஜுன்னுதானே எழுதுறாங்க, எல்லாம் குதிரை காலத்து மிச்சம்.

வண்டி உள்ள நுழையணுமேன்னு தெருப்பக்கம் உசரமா ஒரு வளைவு வாசல், உள்ள போனா முற்றம், சுத்தி மாடியில மரத் தாழ்வாரம், அதுல வரிசையா ரூம், கீழ லாயம். 1784 ஆகஸ்ட்ல பிரிஸ்டல்ல இருந்து லண்டனுக்கு முதல் தபால் வண்டி ஓடுச்சு, சாயங்காலம் 4 மணிக்குக் கெளம்பி மறுநாள் காலையில 8 மணிக்கு சேந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாமே டைம்தான். வண்டிக்குக் காவலா வர்ற கார்டு கையில துப்பாக்கி, இடுப்புல கொம்பு, அவர் ஊதினா டோல்கேட் தொறந்து ரெடியா இருக்கணும், சாப்பிட எறங்கினவங்க சூப் ஆறுறதுக்குள்ள மறுபடி ஏறணும். ரயில்ல கொடி காட்டுறவருக்கு கார்டுன்னு பேர் வந்ததும் அங்க இருந்துதான்.

இதெல்லாம் கண்ணால பாக்கணும்னா லண்டன் பிரிட்ஜ் பக்கத்துல சதர்க்ங்கிற ஏரியாவுல ஜார்ஜ் இன் இருக்கு. 1676ல தீ விபத்துல போயி, 1677ல திரும்பக் கட்டினது. லண்டன்ல மாடித் தாழ்வாரத்தோட மிஞ்சி நிக்கிறது இது ஒண்ணுதான். அதுவும் முழுசா இல்ல. முன்னாடி முற்றத்த சுத்தி கட்டடம் இருந்துச்சு, ரயில் வந்து வண்டித் தொழில் படுத்ததும் ஒரு ரயில் கம்பெனியே இடத்த வாங்கி, டிப்போவுக்காக மத்த பக்கங்கள இடிச்சுட்டு தெற்குப் பக்கத்த மட்டும் விட்டுச்சு. 1937ல அந்த மிச்சம், பழைய கட்டடங்களப் பாதுகாக்குற நேஷனல் ட்ரஸ்ட் கைக்குப் போச்சு, குடுத்தது யாருன்னா, அதுவும் ரயில் கம்பெனிதான்! பக்கத்துல, 14ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிஞர் சாசரோட கேன்டர்பரி கதைங்க ஆரம்பிக்கிற டபார்டு இன் இருந்துச்சு, அத 1873ல இடிச்சே போட்டாங்க. ஜார்ஜ் பொழச்சதுக்குக் காரணம் அத கண்ணாடிப் பெட்டியில வைக்காம "பப்"பாவே (குடிக்கவும் சாப்பிடவும் வர்ற கடையாவே) ஓட விட்டதுதான்னு நான் நினைக்கிறேன், முன்னாடி படுத்த ரூம்ல இப்போ சாப்பாடு. உள்ள சுவத்துல பெருசா ஒரு கடிகாரம். 1797ல கடிகாரத்துக்கு வரி போட்டப்போ ஜனங்க வாட்ச் வாங்குறத விட்டுட்டாங்க, அதனால விடுதியில பெருசா மாட்டினாங்கன்னு ஒரு கதை சொல்லி இதுக்கு "பார்லிமென்ட் சட்டக் கடிகாரம்"னு பேர். கதை நல்லாருக்கு, ஆனா அந்த வரி அடுத்த வருஷமே போயிடுச்சு, இந்த மாதிரி கடிகாரம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? சத்திரம்னு எழுதுறாங்க, எனக்கு ஒப்பல. சத்திரம் தர்மம், வழிப்போக்கனுக்கு சும்மா சோறு போட்டது. இன் முழுக்க வியாபாரம், படுக்கைக்குக் காசு, கொள்ளுக்கும் காசு. சாவடி கொஞ்சம் கிட்ட வருது, ஆனா சுங்கச்சாவடி வந்தப்புறம் சாவடின்னாலே ஃபாஸ்டேக்தான் ஞாபகம் வருது. என் ஓட்டு வண்டிப்பேட்டைக்கு. சந்தைக்கு வந்த மாட்டு வண்டிங்க ராத்திரி அவுத்துப் போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, வண்டிக்காரங்க வண்டிக்கடியிலயே படுத்த இடம், நெறைய ஊர்ல இன்னும் பஸ் ஸ்டாப்பு பேரா மட்டும் மிஞ்சியிருக்கு. அதுல ரூம் கெடையாது, மாடு மாத்துறதும் கெடையாது, அதனால "விடுதி"ய சேத்து வண்டிப்பேட்டை விடுதின்னு எழுதலாம். நீளமா தெரிஞ்சா குதிரைவண்டி விடுதி போதும். பயிற்சி விடுதின்னு மட்டும் வேணாம், அங்க பயிற்சி எடுத்தது குதிரை மாத்துற லாயக்காரப் பையன் மட்டும்தான்.