கிளாம்ப்: மின்னழுத்தக் கவ்வி

நினைவகச் சிப்புகளின் சுற்றுப்படங்களில் 'கிளாம்ப்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பிட் லைன் (செல்லின் தகவலைச் சுமக்கும் கம்பி) கிளாம்ப், டிரெயின் (டிரான்சிஸ்டரின் ஒரு முனை) கிளாம்ப், உள்ளீட்டு முனைகளில் கிளாம்ப் டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பு) என்று பல இடங்களில் வரும். மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் பகுதி என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நிலையாக வைத்திருக்கும் வேலைக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. ஒரு வரம்பை வைத்து அதைத் தாண்டவிடாமல் பிடிப்பதுதான் கிளாம்பின் வேலை. வரம்புக்கு உட்பட்டு மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்கினாலும் அது தலையிடாது.

சொல் பிறந்தது பட்டறையில். இடைக்கால டச்சு மொழியில் இரண்டு பொருள்களைச் சேர்த்து இறுக்கும் இரும்புப் பட்டைக்கு இருந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போய் கிளாம்ப் ஆனது. தன் இரு ஓடுகளையும் மூடிக்கொண்டால் திறக்கவே முடியாத சிப்பிக்கு ஆங்கிலத்தில் 'கிளாம்' என்று பெயர். அதுவும் இந்தச் சொல்லுக்கு உறவுதான். ஜெர்மன் மொழியில் 'கிளாமர்' என்றால் இடுக்கி, அடைப்புக்குறிக்கும் அதே பெயர்.

பட்டறைச் சொல் மின்னணுவியலுக்கு வந்ததும் ஒரு குழப்பமும் கூடவே வந்தது. பாடப்புத்தகங்களில் 'கிளிப்பர்', 'கிளாம்பர்' என்று இரண்டு சுற்றுகள் அடுத்தடுத்து வரும். கிளிப்பர் அலையின் உச்சியை வெட்டும். கிளாம்பர் ஒரு மின்தேக்கியையும் டையோடையும் வைத்து, வடிவத்தைக் கெடுக்காமல் முழு அலையையும் மேலேயோ கீழேயோ நகர்த்தும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் படத்தின் கறுப்பு மட்டத்தை மீட்டுத் தந்தது இந்த வகைதான். ஆனால் நினைவகச் சிப்பில் கிளாம்ப் என்று சொல்வது அலையை நகர்த்தாது, எல்லையில் தடுக்கும். வேலையைப் பார்த்தால் அது பாடப்புத்தகக் கிளிப்பருக்குத்தான் நெருக்கம். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுச் சிப் வடிவமைப்புக்கு வருபவர்கள் இடறுவது இங்கேதான்.

சரி, நினைவகத்தில் எதற்காகத் தடுக்க வேண்டும்? ஃபிளாஷ் நினைவகத்தைப் பார்ப்போம். அங்கே தகவலை வைத்திருக்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். ஒரு செல்லில் இருப்பது 0 ஆ 1 ஆ என்று படிக்க, அதன் டிரெயினில் கொஞ்சம் மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் பாய்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த மின்னழுத்தம் அளவுக்கு மீறினால் எலக்ட்ரான்கள் வேகமெடுத்து தகவலை மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கும் 'மிதக்கும் கேட்'டுக்குள் ஏறத் தொடங்கும். அதாவது, படிக்கப் போய் கொஞ்சம் எழுதியும் விடுவோம்! ஒரு முறை படித்தால் ஒன்றும் தெரியாது. அதே செல்லைத் திரும்பத் திரும்பப் படித்தால் தகவலே மாறிவிடலாம். அதனால்தான் நார் (NOR) வகை ஃபிளாஷில் படிக்கும்போது டிரெயினை ஏறக்குறைய 1 வோல்ட்டில் பிடித்து வைக்கிறார்கள்.

பிடிக்கும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. பிட் லைனுக்கும் மின்வழங்கலுக்கும் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டில் 1.7 வோல்ட் கொடுத்திருக்கிறோம், அது கடத்தத் தொடங்க கேட்டுக்கும், பிட் லைனோடு சேரும் முனையான சோர்ஸுக்கும் இடையே 0.7 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிட் லைன் காலியாக இருக்கும்போது டிரான்சிஸ்டர் நன்றாகக் கடத்தும். லைனின் மின்னழுத்தம் ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கும். லைன் 1 வோல்ட்டை நெருங்கியதும் டிரான்சிஸ்டர் ஏறத்தாழ அணைந்துவிடும். செல் மின்னோட்டத்தை இழுத்து லைன் சற்று இறங்கினால் அது தானாகவே மறுபடி கடத்தும். யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல்: சூடு ஏறினால் அந்த 0.7 வோல்ட் குறையும், பிடிப்பின் அளவு நழுவும். அதனால் கேட்டுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையே வெப்பத்துக்கு ஏற்ப ஈடுகட்டித் தயாரிப்பார்கள்.

மின்சாரம் இருக்கும்வரை மட்டும் தகவலை வைத்திருக்கும் வேகமான நினைவகமான எஸ்ரேமில் (SRAM) கதை தலைகீழ். அங்கே பிட் லைன்களை முதலில் மேலே ஏற்றி வைப்பார்கள். படிக்கும்போது செல் ஒரு லைனைக் கீழே இழுக்கும். சிறு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பெருக்கும் உணர் பெருக்கிக்கு 100 மில்லிவோல்ட் அளவு வித்தியாசமே போதும். அதற்கு மேல் இறங்கினால் அடுத்த முறை ஏற்ற நேரமும் வீண், மின்சாரமும் வீண். ஆகவே கீழ்ப்பக்கம் பிடிக்க வேண்டும். காந்தத் திசையாகத் தகவலை வைத்திருக்கும் காந்த நினைவகத்திலும் (MRAM) படிக்கும் மின்னழுத்தத்தை மேலே ஏறவிடாமல் பிடிக்கிறார்கள். ஏறினால் பாயும் மின்னோட்டமே காந்தத் திசையைப் புரட்டிவிடக்கூடும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நிலைப்படுத்தி' பொருந்தாது, அதை ரெகுலேட்டருக்கும் ஸ்டெபிலைசருக்கும் விட்டுவிடலாம். 'இறுக்கி' என்றால் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் தொனிக்கிறது. 'பற்றி' என்பது 'அதைப் பற்றி' என்பதோடு மோதும், வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். என் தேர்வு 'கவ்வி'. கவ்வு என்ற வினையோடு இகரம் சேர்ந்த பெயர், வெட்டி, இடுக்கி போல. பல்லோ கொடுக்கோ எட்டும் தூரத்துக்கு வந்ததைத்தானே கவ்வும்? வரம்பைத் தொட்டால் மட்டும் வேலை செய்யும் சுற்றுக்கு அது ஒத்துவருகிறது.

மின்னழுத்தக் கவ்வி, பிட் லைன் கவ்வி, கவ்வு டையோடு, கவ்வு மட்டம் என்று கூட்டுச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. மேலே ஏறவிடாததை மேற்கவ்வி என்றும், கீழே இறங்கவிடாததை அடிக்கவ்வி என்றும் பிரித்துச் சொல்லலாம். பாடப்புத்தகக் கிளாம்பருக்கு மட்டும் இதே சொல்லைக் கொடுக்காதீர்கள். அதற்கு 'மட்டம் மீட்பி' இருக்கட்டும். வாக்கியத்தில் இப்படி எழுதலாம்: "படிக்கும்போது பிட் லைன் 1 வோல்ட்டில் கவ்வப்படுகிறது." செயப்பாட்டுவினை கனமாகத் தோன்றினால், "கவ்வி பிட் லைனை 1 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாது" என்றால் போதும்.