முள்ளோடையைத் தாண்டாத மருத்துவ விவரங்கள்

கடலூரில் பொது மருத்துவராக இருக்கும் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று மருத்துவர்கள் இருக்கிறார்கள். சுகர், பிரஷர் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருகின்றன. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு நடக்க முடியாதவர்களுக்கு அவை வீட்டுக்கே வந்துவிடுகின்றன. காய்ச்சல், தலைசுற்றல் என்றால் பக்கத்துத் தெரு கிளினிக். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று பெரிதாக ஏதாவது வந்துவிட்டால் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி, புதுச்சேரி ஊரையும் கடந்து, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து மக்களோ எதிர்த்திசையில் கடலூருக்கு வருகிறார்கள். அரசாங்கம் இரண்டு, மக்கள் ஒரே மக்கள்.

ஆள் எல்லையைத் தாண்டிவிடுகிறார். அவருக்கு என்ன வைத்தியம் நடந்தது என்கிற விவரம் பல நேரம் தாண்டுவதில்லை. மருத்துவத்தின் தரம் என்றதும் நாம் ஸ்கேன் இயந்திரத்தையும் புதுக் கட்டடத்தையும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் நோயாளிக்குக் கெடுதல் அதிகம் நேர்வது ஒரு மருத்துவரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்கு அவர் மாறும் இடத்தில்தான். ஒவ்வொருவரும் தன்னளவில் சரியாகவே எழுதியிருப்பார். எல்லாரும் எழுதியதைச் சேர்த்து விழுங்குவது ஒரே வயிறு.

அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். விடியற்காலையில் ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல், கூப்பிட்டால் சரியான பதில் இல்லை. பக்கவாதம் என்றே வீட்டார் பயந்திருப்பார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் ஐம்பதுக்கும் கீழே இருக்கும். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, “எங்கடா கூட்டியாந்தீங்க?” என்று கேட்பார். பிறகு மருமகள் மாத்திரைப் பையைக் கொட்டுவார். அரசு மருத்துவமனையில் வாங்கிய, சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு ஒரு பக்கம், தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்த கூட்டு மாத்திரை இன்னொரு பக்கம். அந்தக் கூட்டு மாத்திரைக்குள்ளும் அதே கிளிமிபிரைடு இருக்கும். “ரெண்டும் ஒண்ணுன்னு எப்படி சார் தெரியும், ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பச்சை” என்பார் மருமகள். அவர் கேட்பது நியாயம்தான். அட்டையில் மருந்தின் பெயர் பொடி ஆங்கில எழுத்தில் இருக்கிறது. மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வெட்டிக் கொடுத்தால் அந்தப் பெயரும் கடையிலேயே தங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர், ஒரு முறை குளுக்கோஸ் கொடுத்து ஏறிய பிறகும் மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு மருந்து உடம்பை விட்டு வெளியேற நேரமாகும். தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துப் போனால் ராத்திரி திரும்பவும் மயங்குவார். ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் கதையும் இப்படித்தான். ரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து அளவைச் சரிசெய்துகொள்வார்கள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்று வேறோர் இடத்தில் நாலு நாளைக்கு எழுதிக் கொடுத்தால் போதும், ஈறிலிருந்தோ குடலிலிருந்தோ ரத்தம் கசியத் தொடங்கிவிடலாம். எழுதியவருக்கு வார்ஃபரின் விஷயம் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நோயாளிக்கும் தெரியாது.

அவசர நேரத்தில் இந்த இடைவெளி இன்னும் கொடியது. மாரடைப்பு என்று ஒருவர் வருகிறார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு, ஆஞ்சியோவுக்காகப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ அனுப்புகிறோம். ஊசி வேலை செய்திருந்தால் ஆஞ்சியோவை 3 முதல் 24 மணி நேரத்துக்குள் செய்வது வழக்கம். வேலை செய்யவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. இதை அங்குள்ளவர் முடிவு செய்ய அவருக்குத் தேவையானவை ஊசி போட்ட நேரம், போடுவதற்கு முன் எடுத்த ஈ.சி.ஜி., போட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்த ஈ.சி.ஜி. ஆனால் நோயாளியோடு வரும் சீட்டில் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்று ஒரே வரி இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஈ.சி.ஜி. படம் வாட்ஸ்அப்பில் நொடியில் போய்விடுகிறது, அதில் பெயரும் இல்லை, நேரமும் இல்லை. பெயர் இல்லாத ஈ.சி.ஜி. யாருடையதாகவும் இருக்கலாம். ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் இரண்டு நிமிடம் நேரடியாகப் பேசினால் அங்கே கட்டில் காலியாக இருக்கிறதா என்பது முதல் எல்லாம் தெளிவாகிவிடும். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம்.

கருவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அவற்றில் உண்மையான நம்பிக்கை உண்டு. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15-இல் சோதனை முறையில் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. அந்தத் திட்டத்தின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ‘ஆபா’ எண்ணை இன்று யாரும் வாங்கிக்கொள்ளலாம். நோயாளி சம்மதித்தால் ஒரு மருத்துவமனையின் குறிப்பை இன்னொரு மருத்துவமனை பார்க்க முடியும். மாநில எல்லையில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்ததுபோன்ற ஏற்பாடு இது. ஆனால் பலருக்கு அந்த எண் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் இருக்கப் பயன்படுவதோடு நின்றுவிடுகிறது. உள்ளே எந்தக் குறிப்பும் ஏறாவிட்டால் அந்த எண்ணால் என்ன பயன்? சின்ன கிளினிக் வைத்திருக்கும் என் சக மருத்துவர்களைத்தான் கேட்கிறேன்: நாம் எழுதும் சீட்டையும் அதில் ஏற்றத் தொடங்குவோம்.

ஒரே மருத்துவமனைக்குள்ளும் கை மாறுகிறது. டூட்டி மாறும் நேரம் ஒவ்வொரு வார்டிலும் அபாயமான நேரம். அமெரிக்கா, கனடாவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், டூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி எதை, எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றுக்கொள்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் அடக்கம். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லாரும் தத்தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பெயர் சொல்லிப் பேசிவிட்ட நர்ஸுக்கு, “டாக்டர், இது இடது கால் இல்லையே” என்று சொல்லத் துணிச்சல் வரும். நம் ஊரில் அந்தத் துணிச்சலை வளர்க்க வேண்டிய கடமை மூத்த மருத்துவர்களுக்கு இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பவர் நர்ஸ்தான். அவர் போன் செய்யத் தயங்கினால் அந்த வார்டில் எந்த மானிட்டர் இருந்தும் போதாது.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சில வார்த்தைகள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகி வீடுகளுக்குள் புகுந்தபோது அரிசி, பாய், துணியோடு மருத்துவ ஃபைல்களும் போயின. அதன் பிறகு வந்தவர்களில் சிலருக்கு என்ன அறுவை நடந்தது என்பதையே தழும்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளின் பெயர் உள்ள பக்கத்தையும் படம் பிடித்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். யாரைப் பார்க்கப் போனாலும் மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, ஊசி எல்லாம் சேர்த்துத்தான். திட்டுவார்களோ என்று எதையும் மறைக்க வேண்டாம்.

மருத்துவர் விளக்கி முடித்ததும், “நான் புரிஞ்சுகிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்” என்று சொல்லிப் பாருங்கள். நானே இதைக் கேட்டு வாங்குவேன். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதில் தொடங்கி எத்தனை குழப்பங்கள் அந்த அரை நிமிடத்தில் வெளியே வருகின்றன!

டிஸ்சார்ஜ் சம்மரியில் சாப்பிட வேண்டிய மாத்திரைகளின் பட்டியல் பெரும்பாலும் இருக்கும். நிறுத்த வேண்டியவற்றின் பட்டியல்தான் அநேகமாக இருக்காது. பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் ஒரே டப்பாவில் சேர்வதற்கு அதுவே முதல் காரணம். வீட்டுக்குக் கிளம்பும் முன், முன்பு சாப்பிட்டவற்றில் எதெதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அதே காகிதத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.