தென்னம்பிள்ளை மானியம்: பற்றுச்சீட்டில் இனத்தின் பெயர் இருக்கிறதா?

சங்கானையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், வீதியில் வந்த வாகனத்தில் இருபது தென்னம்பிள்ளை வாங்கி நட்டார். கலப்பினம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலாம் வருடமே பாளை வந்ததும் சந்தோஷப்பட்டார். தேங்காயை உடைத்தால் பருப்பு மெல்லியது. கொப்பறாவைக் காயப்போட்டால் றப்பர் போல வளைந்தது. செக்குக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளை வாங்கிய பற்றுச்சீட்டு இல்லாததால் மானியமும் இல்லை.

அவருக்கு விற்றது வெறும் குட்டைத் தென்னை. குட்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். கலப்பினம் வேண்டுமென்றால் தாய்மரப் பாளையின் ஆண்பூக்களை விரியமுன் அகற்றி, நெட்டை மரத்தின் மகரந்தத்தைச் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாத பண்ணையின் பிள்ளை குட்டையாகவே வளரும். நெட்டையில் வேறு சிக்கல். அது அயல் மகரந்தத்தில் காய்ப்பது. வளவில் நன்றாகக் காய்க்கிற மரத்தின் விதைத்தேங்காய் என்றாலும் தகப்பன் மரம் எதுவென்று தெரியாது. நல்ல கொப்பறாவில் ஏறக்குறைய 65 சதவீதம் எண்ணெய் இருக்கும். பருப்பின் தடிப்பும் எண்ணெயும் பெருமளவு இனத்தோடு வருபவை. பசளை போட்டுக் குட்டையை நெட்டையாக்க முடியாது.

சரி, மானியத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபைதான் பிள்ளைகளையும் நடுகைக்கான உதவியையும் தருகிறது. தொகையும் நிபந்தனையும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வருடத்து நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள்.

அனுமதி கையில் வராமல் குழி வெட்டாதீர்கள். உத்தியோகத்தர் வந்து காணியைப் பார்க்கமுன் நட்டுவிட்டுப் பிறகு காசு கேட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது காணி உறுதிப் பத்திரம். எங்கள் பக்கம் பாதிக் காணி இறந்த அப்பாவின் பெயரில்தான் கிடக்கிறது, சகோதரர்கள் கனடாவில். விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகு இந்தப் பிரச்சினை எழும்பினால் ஒரு மழைக்காலம் போய்விடும். அற்றோணித் தத்துவமோ மற்றப் பங்காளிகளின் எழுத்துச் சம்மதமோ வேண்டுமா என்று முதலே கேட்டு, ஆயத்தமாக வைத்திருங்கள்.

விதானையாரிடம் போ, பிரதேச செயலகத்துக்குப் போ, திரும்ப வா என்பார்கள். ஒரு வயதான மனிசி ஒரு கையெழுத்துக்காக மூன்று பஸ் ஏற வேண்டியதில்லை. தேவையான ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். பதிலே இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கோரிக்கை கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

பிள்ளையைப் பதிவுபெற்ற நாற்றுமேடையில் மட்டும் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் "தென்னம்பிள்ளை 20" என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுங்கள். தென்னை ஆராய்ச்சி நிறுவகத்தின் இனங்களில் சி.ஆர்.ஐ.சி. 60 என்றால் நெட்டையோடு நெட்டையைச் சேர்த்தது, சி.ஆர்.ஐ.சி. 65 என்றால் பச்சைக் குட்டையோடு நெட்டையைச் சேர்த்த கலப்பினம். அந்தப் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். காலி, மாத்தறைப் பக்கப் பிள்ளை மலிவு என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே வேண்டாம்; அங்கே வெலிகம வாடல் நோய் இருப்பதால் பிள்ளைகளை வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது.

ஏற்றமுன் ஒவ்வொரு பிள்ளையின் அடிக்கழுத்தையும் விரலால் சுற்றிப் பாருங்கள். மெலிந்து நெடுத்து நிற்பதை அங்கேயே ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு தரச் சொல்லுங்கள்.