ஷெர்பா: மலைமக்களின் பெயரும் மாநாட்டுத் தூதரும்

காலை நாளிதழை உரக்க வாசிப்பது என் அப்பாவின் வழக்கம். 2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. முதல் பக்கம் முழுவதும் டெல்லி ஜி20 மாநாட்டுச் செய்திகள். ‘இந்தியாவின் ஷெர்பா அமிதாப் காந்த்’ என்ற வரி வந்ததும் வாசிப்பை நிறுத்தி, “இவர் நேபாளத்துக்காரரா?” என்று கேட்டார். இல்லை, கேரளப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர் என்றேன். “பிறகு ஏன் ஷெர்பா என்று போட்டிருக்கிறார்கள்?”

மாநாட்டுக்கு முன்னேற்பாடு செய்பவருக்கு அப்படிப் பெயர் என்று ஏதோ சொல்லி அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அச்சில் வரும் ஒரு சொல், வாசிப்பவரை வேறொரு நாட்டுக்கு அனுப்பிவிடுகிறது என்றால் அந்தச் சொல்லை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஷெர்பா என்பது ஒரு மக்களின் பெயர். திபெத்திய மொழியில் ‘ஷர்’ என்றால் கிழக்கு. ‘பா’ என்பது இன்ன இடத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும் விகுதி. கிழக்கத்தியர் என்று தமிழில் சொல்லிவிடலாம். திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மலை தாண்டி வந்து, கிழக்கு நேபாளத்தின் சோலுகும்பு பகுதியில் குடியேறியவர்கள். அவர்களுக்குத் தனி மொழி உண்டு, மடங்கள் உண்டு, உருளைக்கிழங்கு வயல்கள் உண்டு. பிறந்த கிழமையைக் குழந்தைக்குப் பெயராக வைக்கும் வழக்கமும் உண்டு: திங்களில் பிறந்தால் தாவா, வெள்ளியில் பிறந்தால் பாசாங், சனியில் பிறந்தால் பெம்பா. மலையேற்றம் அவர்களுடைய குலத்தொழில் அன்று. வெள்ளைக்காரர்கள் எவரெஸ்ட் ஏற வந்தபோது கூலிக்குப் பொதி சுமக்கப் போனார்கள். அங்கிருந்துதான் அந்தப் பெயர் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. 1922இல் எவரெஸ்ட் சரிவில் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கே, எட்மண்ட் ஹிலாரியுடன் சிகரத்தில் நின்றபோது ‘ஷெர்பா டென்சிங்’ என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது.

அந்த மலையில் அவர்கள் செய்யும் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மாநாட்டு மேசைக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்பது அங்கேதான் புரியும். எவரெஸ்ட் அடிவார முகாமைத் தாண்டியதும் கும்பு பனியருவி. வீட்டளவு பனிப்பாளங்களும் அடி தெரியாத பிளவுகளும் நிறைந்த இடம். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், மலையேறுபவர்கள் வருவதற்கு முன்பே, ஷெர்பாக்கள் சிலர் அதற்குள் போய்ப் பிளவுகளின் குறுக்கே அலுமினிய ஏணிகளைக் கிடத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பனி ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஏணி கோணிப்போனால் திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டும். பல லட்சம் செலவழித்து வருபவர் அந்த ஏணியில் நடந்து மேலே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார். 2014 ஏப்ரல் 18 அன்று அதே பனியருவியில் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஷெர்பாக்கள்.

இனி மாநாட்டுக்கு வருவோம். தலைவர்களின் சந்திப்புக்கு ஆங்கிலத்தில் ‘சம்மிட்’, அதாவது ‘சிகரம்’, என்ற பெயரைப் பரப்பியவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1950 பிப்ரவரி 14, எடின்பரோவில் தேர்தல் பிரசாரக் கூட்டம். சோவியத் ஒன்றியத்துடன் மிக உயர்ந்த நிலையில் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்று சொன்ன அவர், சிகரத்தில் நடக்கும் பேச்சு என்ற உருவகத்தைப் பயன்படுத்தினார். மீண்டும் பிரதமரான பிறகு, 1953 மே 11 அன்று நாடாளுமன்றத்தில் அதே கோரிக்கையை எழுப்பினார். பதினெட்டு நாள் கழித்து டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டில் ஏறினார்கள். 1955 ஜூலையில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் தலைவர்கள் ஜெனீவாவில் கூடியபோது, செய்தித்தாள்கள் தயக்கமில்லாமல் ‘சிகரம்’ என்றே எழுதின.

தமிழில் அது ‘உச்சி மாநாடு’ ஆனது. நேர்ப்பெயர்ப்புதான், ஆனாலும் நன்றாகப் பொருந்திவிட்ட ஒன்று. ஏனென்றால் நம் உச்சி மலையில் மட்டும் இல்லை, தலையிலும் இருக்கிறது. குழந்தையை உச்சி முகர்கிறோம். உச்சி எடுத்துத் தலை வாருகிறோம். தலைவர் என்ற சொல்லே தலையிலிருந்து வந்ததுதான். ஆகவே தலைவர்கள் கூடும் மாநாட்டை உச்சி மாநாடு என்றால் மலையை அறியாதவருக்கும் பொருள் விளங்குகிறது. நல்ல மொழிபெயர்ப்பு சில நேரம் மூலத்தில் இல்லாத ஒரு வேரையும் பிடித்துக்கொள்ளும்.

சிகரம் வந்துவிட்டால் ஏற்றிவிடுபவரும் வர வேண்டும் அல்லவா? 1975 நவம்பரில் பிரான்சின் ராம்பூயே கோட்டையில் ஆறு தொழில்வள நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். பின்னாளில் ஜி7 ஆன கூட்டத்தின் தொடக்கம் அது. அதிகாரிகள் கூட்டமில்லாமல் தலைவர்கள் மட்டும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது எண்ணம். ஆனால் என்ன பேசுவது, எதில் ஒத்துப்போவது என்று முன்பே யாராவது பேசி வைக்க வேண்டுமே. ஒவ்வொரு தலைவரும் தமக்கு நம்பிக்கையான ஒருவரை அனுப்பினார். அமெரிக்காவுக்காக ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அந்த வேலையைச் செய்தார். ஆவணங்களில் இவர்கள் ‘தலைவரின் தனிப் பிரதிநிதி’. பேச்சு வழக்கில் ‘ஷெர்பா’ ஆனார்கள். பேச்சு வழக்கே நிலைத்துவிட்டது. அவர்களுக்குக் கீழே துணை ஷெர்பாக்கள். அதற்கும் கீழே இருப்பவர்களை, பனிமலையில் பொதி சுமக்கும் யாக் மாட்டின் பெயரால் அழைக்கும் வழக்கம்கூட உண்டு. விளையாட்டாகத் தொடங்கியதாக இருக்கலாம். ஒரு மக்களின் பெயருக்கு அடுத்த படியாக ஒரு மாட்டின் பெயரை வைத்த அந்த ஏணி எனக்கு ஒப்பவில்லை.

ஜி20 அமைப்பில் இது அதிகாரபூர்வப் பெயராகவே ஆகிவிட்டது. நிதியமைச்சர்கள், மத்திய வங்கித் தலைவர்கள் வழியாக ஒரு தடம். மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஷெர்பா தடம்’. 2022 டிசம்பர் 1 முதல் ஓராண்டு இந்தியா தலைமை வகித்தபோது ஷெர்பாக்கள் உதய்பூர், குமரகம், ஹம்பி என்று கூடிக் கடைசியாக, மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, ஹரியாணாவின் நூ மாவட்டத்தில் சந்தித்தார்கள். உக்ரைன் போர் பற்றிய பத்திகளுக்கு மட்டும் 200 மணி நேரத்துக்கு மேல் பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்புகள், 15 வரைவுகள் தேவைப்பட்டதாக அமிதாப் காந்த் பிறகு சொன்னார். முழு அறிக்கையில் 83 பத்திகள் இருந்தன. புவியரசியலுக்கு அவற்றில் எட்டே பத்திகள். ஓராண்டு உழைப்பு அந்த எட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

எதற்கு இவ்வளவு வரைவுகள் என்று தோன்றலாம். இத்தகைய வரைவில் ஒத்துக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பார்கள். ஷெர்பாவின் வேலை அந்த அடைப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவது. 2022 நவம்பரில் பாலி மாநாட்டு அறிக்கை, ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தின் சொற்களை எடுத்துக்காட்டியிருந்தது. டெல்லி அறிக்கையில் அந்தச் சொற்கள் இல்லை. பிற நாட்டு நிலத்தைப் பறிக்கப் படைவலிமையைப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவாகச் சொல்லப்பட்டது. உக்ரைன் வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் உடனே அந்தப் பகுதியைச் சிவப்பு எழுத்தில் திருத்திப் படமாக வெளியிட்டார். ‘உக்ரைனில் நடக்கும் போர்’ என்று இருந்ததை ‘உக்ரைனுக்கு எதிரான போர்’ என்று மாற்றியிருந்தார். நம் இலக்கணத்தில் சொன்னால், இடம் காட்டும் ‘இல்’ உருபுதான் அங்கே சிக்கல். ‘இல்’ என்றால் போர் அங்கே நடக்கிறது, மழை பெய்வதைப் போல. ‘எதிரான’ என்றால் தொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். யார் மனமும் நோகாத சொல்லைத் தேடும்போது அடிபட்டவரின் மனம் நோகிறது. உக்ரைனின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே வேளையில், அந்த ஓர் உருபுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மற்றப் பத்திகளும் அறிக்கையாக வந்திருக்காது.

வழி போடாமல் சிகரம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு, ஷெர்பாக்களின் சொந்த நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2014 நவம்பர் 26, 27 தேதிகளில் காத்மாண்டுவில், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் அமைப்பின் 18ஆவது உச்சி மாநாடு நடந்தது. மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாக வேண்டும்: சாலைப் போக்குவரத்து, ரயில், மின்சாரம். உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்று பாகிஸ்தான் தயங்கியது. தலைவர்கள் துலிகேல் மலையூருக்குப் போய்ப் பேசிவந்த பிறகு, கடைசி நேரத்தில், மின்சார ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தானது. சார்க் அமைப்பிலும் முன்னேற்பாட்டுப் படிகள் இல்லாமல் இல்லை. வெளியுறவுச் செயலர்களின் நிலைக்குழு, அதற்கு மேல் அமைச்சர்கள் அவை என்று உண்டு. ஆனால் இரு நாடுகளுக்கு இடையிலான தகராறுகளை அங்கே பேசவே கூடாது என்கிறது அதன் சாசனம். ஏணி போட வேண்டிய பிளவு எதுவோ அதன் பக்கமே போகாதே என்று விதி வைத்தது போல. 2016இல் இஸ்லாமாபாதில் நடக்க வேண்டிய 19ஆவது மாநாடு, காஷ்மீரின் ஊரி ராணுவ முகாம் தாக்கப்பட்ட பின் இந்தியாவும் வேறு சில நாடுகளும் விலகியதால் நின்றுபோனது.

இப்போது தமிழ்ச் சொல். ‘ஷெர்பா’வை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் மறுப்புக்குக் காரணம் வடவெழுத்து அன்று. நம் தெருக்களில் இரவுக் காவலரைக் ‘கூர்க்கா’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். விசில் ஊதிக்கொண்டு போகும் மனிதர் எந்த ஊர், எந்த மக்கள் என்று யாரும் கேட்பதில்லை, தொழிலே இனமாகிவிட்டது. ஷெர்பாவிலும் அதே தவற்றைச் செய்கிறோம். சோலுகும்புவில் பள்ளி ஆசிரியராகவும் மருத்துவராகவும் இருக்கும் ஷெர்பாக்களின் பெயரை, டெல்லியிலும் ஒசாகாவிலும் கோட்டு அணிந்த அதிகாரிகளுக்குப் பதவிப் பெயராகச் சூட்டுகிறோம். அந்த மக்களின் பெயர் அந்த மக்களுக்கே இருக்கட்டும் என்பது என் முதல் காரணம். நம்மிடம் இந்த வேலைக்குப் பழைய சொல் இருக்கிறது என்பது இரண்டாவது.

‘வழிகாட்டி’ என்றால் சுற்றுலாத் தலம் நினைவுக்கு வருகிறது. ‘சிறப்புத் தூதர்’ வேறொரு பதவிக்குப் போய்விட்டது. ‘ஆற்றுப்படுத்துநர்’ அழகான சொல்தான், ஆனால் இன்று மனநல ஆலோசகரைக் குறிக்கிறது. ‘ராஜதந்திரி’ வேண்டவே வேண்டாம்; தந்திரம் என்றால் முறை, நெறி என்று இருந்த பொருள் தேய்ந்து, இன்று ஏமாற்று என்றே காதில் விழுகிறது.

திருக்குறளின் 69ஆவது அதிகாரம் ‘தூது’. அதற்கு உரை எழுதும் பரிமேலழகர் தூதரை இரு வகையாக்குகிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். ஓலை கொடுத்து நிற்பவரையும் சேர்த்துத் தலை, இடை, கடை என மூன்றாக எண்ணுவோர் உண்டு என்றும் சொல்கிறார். ஓலை கொடுப்பவர் கடிதத்தைச் சேர்ப்பிப்பவர். கூறியது கூறுவார், அரசு சொன்னதைச் சொன்னபடி போய்ச் சொல்பவர். தான் வகுத்துக் கூறுபவரோ தலைவரின் மனத்தை அறிந்து, எதிரே இருப்பவரின் நிலையை அறிந்து, சொற்களைத் தாமே அமைப்பவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவை அப்படிப்பட்டவர். உன் படைக்கலங்கள் மாலை சூடி நெய் பூசி மாளிகையில் இருக்கின்றன, அவனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புறநானூற்றில் அவர் பாடியதை எந்த அரசனும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்க முடியாது. நூ மாவட்டத்து மேசையில் நடந்த வேலையைக் குறள் இப்படிச் சொல்கிறது:

தொகச்சொல்லித் தூவாத நீக்கி நகச்சொல்லி
நன்றி பயப்பதாம் தூது.

பலவற்றையும் தொகுத்துச் சொல்லி, கடுமையானவற்றை நீக்கி, கேட்பவர் மனம் மலரச் சொல்லித் தன் நாட்டுக்கு நன்மை விளைப்பது. ‘தூவாத நீக்கி’ என்ற இரண்டு சொற்களில் அந்தச் சதுர அடைப்புகள் அத்தனையும் இருக்கின்றன.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘வகுதூதர்’. சுடுசோறு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. அதனால் இடையில் ஒற்று மிகாது. வகுத்த தூதர், வகுக்கின்ற தூதர், வகுக்கும் தூதர் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். முடிந்துபோன வரைவு, கையில் இருக்கும் வரைவு, இனி எழுத வேண்டிய வரைவு என்று மூன்றும் எப்போதும் அவர் மேசையில்தான் கிடக்கின்றன. கீழே இருப்பவர் துணை வகுதூதர். ஷெர்பா தடம், வகுதூதர் தடம். முதல் முறை எழுதும்போது ‘ஷெர்பா எனப்படும் வகுதூதர்’ என்று போட்டால் வாசகர் பிடித்துக்கொள்வார். பிறகு வகுதூதர் போதும். அரசு ஆவண நடையே வேண்டுமென்றால் ‘தலைவரின் தனிப் பிரதிநிதி’ தவறில்லை.

எழுதி முடித்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வகுதூதர் என்ற சொல்லில் அவர் தடுக்கவில்லை. “யாருக்கு வகுதூதர்?” என்றுதான் கேட்டார். அதன் பிறகு, ‘இந்தியாவின் வகுதூதர்’ என்று எழுதியிருந்த இடத்தைப் ‘பிரதமரின் வகுதூதர்’ என்று திருத்திக்கொண்டேன்.